வாசகர் கேள்வி பதில்: சின்ன ஃபிட்னஸ் ஸ்டூடியோவுக்கு எத்தனை வகுப்பு போதும்?

கேள்வி: யோகா, ஜூம்பா, பிலாட்டிஸ், பாக்ஸிங், எடைப் பயிற்சி என ஐந்து வகையில் வாரத்துக்கு 30 வகுப்புகள் நடத்துகிறோம். பாதிக்கு மேல் காலியாகவே ஓடுகிறது. புதிதாக இன்னொன்று சேர்த்தால் ஆள் வருவார்களா?

பதில்: இருக்கிறவர்களே இன்னும் சிதறிப்போவார்கள். முதலில் வருகைப் பதிவை எடுத்துவைத்துக் கணக்குப் போடுங்கள். வகுப்புக்கு 10 இடம் என்றால் வாரத்தில் 300 இடம். வருகை 105 என்றால் 35 சதவீதம்தான் நிரம்புகிறது. வகுப்புகளை 18 ஆகக் குறைக்கிறீர்கள், வருகையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 180 இடத்துக்கு 84 வருகை, அதாவது 47 சதவீதம். பயிற்சியாளருக்குச் சம்பளம் தரவேண்டிய 12 வகுப்புகள் குறைந்துவிடும்.

எதை நிறுத்துவது? வெறுமனே தலையை எண்ணினால் ஏமாறுவீர்கள். காலை 6 மணி ஜூம்பா நிரம்புவது ஜூம்பாவுக்காகவா, 6 மணிக்காகவா? நான்கு வாரம் அதே நேரத்தில் வேறு வகுப்பை வைத்துப் பாருங்கள். பிறகு 8 வாரப் பதிவைப் புரட்டி, நிறுத்த நினைக்கும் வகுப்பைத் தவிர வேறு எதற்குமே வராதவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஆறு பேரில் ஐந்து பேர் மற்ற வகுப்புகளிலும் தென்பட்டால், நிறுத்துவதால் போகக்கூடியவர் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். ஒரு மாதம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக நிறுத்துங்கள்.

கேள்வி: ஒரே மாதிரி வகுப்பு என்றால் உறுப்பினர்களுக்குச் சலித்துவிடாதா?

பதில்: தான் முன்னேறுவது தனக்கே தெரியாதவருக்குத்தான் சீக்கிரம் சலிக்கும். தினமும் புதுப் பயிற்சி கொடுத்தால், போன வாரத்தோடு ஒப்பிட எதுவும் இருக்காது. ஆறு வாரத்துக்கு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), தள்ளுவது, இழுப்பது, பாரம் சுமந்து நடப்பது என ஐந்து அசைவுகள் போதும். 50 நிமிட வகுப்பில் வார்ம்-அப் 8, முக்கியப் பயிற்சி 36, தளர்த்துவதும் துடைத்து வைப்பதும் 6 நிமிடம். முதல் நான்கு அசைவுகளும் மூன்று செட் (சுற்று), செட்டுக்கு 8 தடவையில் தொடங்கட்டும். மூன்று செட்டிலும் 12 தடவை பிசகில்லாமல் வந்தால் எடையை ஒரு படி ஏற்றி, மறுபடி 8. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, அதில் அன்றைய எடை. பயிற்சியாளர் லீவு போட்டால், மாற்று ஆள் அந்த அட்டையைப் பார்த்தே வகுப்பை நடத்திவிடலாம்.

பலர் சறுக்குவது வேறோர் இடத்தில்: எளிமை என்ற பெயரில் டம்ப்பெல்லிலும் சிக்கனம் பார்க்கிறார்கள். 5, 7.5, 10 கிலோ மட்டும் வாங்கிவைத்தால், 5-லிருந்து 7.5-க்குப் போவது 50 சதவீத ஏற்றம். புதிதாக வந்தவர் அங்கேயே நின்றுவிடுவார், அல்லது தோளைப் பிடித்துக்கொள்வார். 10 கிலோ வரை ஒவ்வொரு கிலோவாக வாங்குங்கள். 5-லிருந்து 6 என்றால் ஏற்றம் 20 சதவீதம்தான். அசைவுக்கும் இதே போலப் படிகள் வேண்டும். புஷ்-அப்பை ஒருவர் சுவரில் செய்வார், ஒருவர் பெஞ்சில், ஒருவர் தரையில். வகுப்பு ஒன்றுதான்.

கேள்வி: ஸ்டீம் ரூம் போட்டால் கூட்டம் கூடுமா?

பதில்: ஈரம், பூஞ்சை, பழுது என்று அது தனித் தொழில். வகுப்புகள் நிரம்பும் வரை அந்தப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: அடுத்தடுத்து வகுப்பு வைத்தால் எப்போதும் தாமதம். எப்படிச் சரிசெய்வது?

பதில்: 1971-ல் பறக்கத் தொடங்கிய அமெரிக்க விமான நிறுவனம் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ், அடுத்த ஆண்டே நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்குக்குப் போட்ட அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டினார்கள், தரையில் நிற்கும் நேரத்தை 10 நிமிடமாக இறுக்கி. விமானங்கள் அனைத்தும் ஒரே ரகம், போயிங் 737 என்பது இதற்குக் கைகொடுத்தது. உங்கள் தாமதத்துக்கும் பெரும்பாலும் பொருள்களை மாற்றி அடுக்குவதுதான் காரணம்: பாய்களைச் சுருட்டி, பாக்ஸிங் பையை இழுத்து, பெஞ்சை ஓரங்கட்டி... தரையில் டேப் ஒட்டி ஆளுக்குச் சுமார் 45 சதுர அடி பிரியுங்கள், நடைபாதை தனி. ஒவ்வொரு இடத்திலும் பாய், பெஞ்ச், துடைக்கும் துணி எப்போதும் இருக்கட்டும். கடைசி 3 நிமிடத்தில் உறுப்பினர்களே துடைத்து, டம்ப்பெல்லை ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போகட்டும்.

வகுப்புகளுக்கிடையே 10 நிமிடம் விடுங்கள். அதையும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஒருவர் பயிற்சியாளரிடம் தனியாகச் சொல்வது அந்த இடைவெளியில்தான்.