ஊர் எது என்று கேட்டால்

அன்புள்ள அக்காவுக்கு,

வயது 22. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுதான் என் ஊர். இப்போது கொழும்பு வெள்ளவத்தையில் போடிங்கில் இருந்துகொண்டு பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறேன். கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. என் இங்கிலீசுக்குச் சிரிப்பார்களோ, பேச்சை வைத்தே தோட்டம் என்று கண்டுபிடிப்பார்களோ என்று பயம். ஊர் கேட்டால் 'நுவரெலியா' என்று சொல்லிவிடுவேன். பகலில் அம்மா கோல் பண்ணினால் கட் பண்ணிவிடுகிறேன். தன்னம்பிக்கை வர என்ன செய்யவேண்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அம்மாவைப் பற்றிய அந்த வரியில் நின்றுவிட்டேன். பகல், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கறை பிடித்த விரல்களை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் துடைத்துக்கொண்டு போனை எடுக்கிறார். இரண்டு தரம் அடித்து நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு வேலை போல என்று நினைத்துக்கொள்வார்.

குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 1994இல் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்தபோது, காலி வீதி பஸ்ஸில் கணக்கான சில்லறையைப் பொத்திப் பிடித்தபடி நிற்பேன். மீதி கேட்டால் சிங்களம் பேசவேண்டுமே. இறங்கும்போது உள்ளங்கை முழுக்கக் காசு மணக்கும். அந்த மணம் இன்னும் மறக்கவில்லை.

தோட்டம் என்று சொல்லக் கூசுவது உங்களோடு கூடப் பிறந்ததில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத்துத் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 2003இல் குடியுரிமை தர இன்னொரு சட்டம் வரும்வரை காத்திருந்தவர்கள் ஏராளம். 'நீ இந்த ஊர்க்காரன் இல்லை' என்று அரை நூற்றாண்டு கேட்டுக்கொண்டிருந்த வீடுகளில் பிள்ளைகளும் குரலைத் தாழ்த்திப் பேசத்தான் பழகும். இதை உங்கள் குணக்குறை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

2000ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர் தோமஸ் கிலோவிச்சும் சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளவே வெட்கமான, ஒரு பாடகரின் படம் போட்ட டீசேர்ட்டோடு மாணவர்களை ஆட்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப்பேராவது கவனித்திருப்பார்கள் என்று அதைப் போட்டிருந்த மாணவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் ஏறக்குறையக் கால்வாசிதான். சிரிக்கிறவர் ஒருவரும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இரண்டு பேர் இருக்கலாம். நீங்களோ முழு அறைக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று 'என்னால் முடியும்' என்று ஓதுவது மட்டும் வேண்டாம். கனடாவில் உளவியலாளர் ஜோஆன் வூட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்னைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கு அப்படிப்பட்ட வாசகங்களால் மனம் இன்னும் சோர்ந்தது. உள்ளே இருக்கும் குரல் உடனே 'பொய்' என்று எதிர்த்துப் பேசும்தானே.

அடுத்த கூட்டத்துக்கு ஒரேயொரு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கேட்டுவிடுங்கள், பிந்தினால் நெஞ்சு படபடக்கும். நம்பிக்கையான ஒரு ஆளிடம் மட்டும் தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். இதையெல்லாம் தாண்டி நித்திரை கெட்டு, சாப்பாடு இறங்காமல், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே 1926க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம்.

நாளைக்குப் பகல் அம்மா எடுத்தால் கட் பண்ணவேண்டாம், படிக்கட்டுப் பக்கம் ஓடவும் வேண்டாம். மேசையில் இருந்தபடியே, வீட்டில் பேசுகிற மாதிரியே கேளுங்கள்: "இன்னைக்கு எத்தன கிலோம்மா?"