மனம் ஒட்டாமல் சொல்லும் செபமாலைக்குப் பயன் உண்டா? ஓட்டமான வாழ்வில் கத்தோலிக்க பக்தியைக் காப்பது எப்படி?

சகோதரி, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். வேலை, வீடு, இரண்டு பிள்ளைகள் என்று ஓடுவதில் செபத்துக்கு நேரமே இல்லை என்பது ஒன்று. இதற்குப் பலரும் நல்ல பதில்கள் தந்துவிட்டார்கள். செபமாலையைக் கையில் எடுத்தால், பத்துப் பத்து மணிகளாகச் சொல்லும் அதில் இரண்டாம் பத்திலேயே மனம் பள்ளிக் கட்டணத்துக்கும் மறுநாள் சமையலுக்கும் போய்விடுகிறது, இப்படி உதட்டளவில் சொல்வதைவிடச் சொல்லாமலே இருப்பது மேல் அல்லவா என்பது மற்றொன்று. இந்த இரண்டாவதுதான் என்னை எழுத வைத்தது.

மேல் அல்ல. உதட்டளவிலாவது சொல்லுங்கள்.

நான் இறையியல் படித்தவன் அல்ல. கடலூர் சிப்காட் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். உதட்டளவில் சொல்லப்பட்ட செபம் ஒரு வீட்டைத் தாங்கியதை நேரில் பார்த்தவன் என்பதுதான் இதைப் பேச எனக்குள்ள தகுதி.

எங்கள் பூர்வீகம் விருத்தாசலம் பக்கம். முந்திரிக் கொல்லையை நம்பிப் பிழைத்த குடும்பம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. நீங்கள் புதுச்சேரிக்காரர் என்பதால் அந்த இரவை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிறிஸ்து பிறப்புக் குடிலை நாங்கள் இன்னும் பிரிக்கவில்லை. முந்திரி பூவெடுக்கும் பருவம் அது. விடிந்து போய்ப் பார்த்தால் கொல்லையில் நிமிர்ந்து நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. தாத்தா வைத்த மரங்கள் வேரோடு பெயர்ந்து, வேரில் ஒட்டிய செம்மண்ணோடு ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. முந்திரியைப் புதிதாக வைத்தால் காய்க்கத் தொடங்கவே மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். தாத்தா மரம் கொடுத்த அளவுக்குக் கொடுக்க அதற்கும் மேலே எத்தனையோ ஆண்டுகள். அப்பா அப்போதே அறுபதைக் கடந்திருந்தார். பட்டியலில் யார் பெயர் வரும், யார் பெயர் விடுபடும் என்ற நிவாரணக் கதையை இங்கே எடுத்தால் அது தனிப் பதிலாகிவிடும்.

அன்று மாலை அம்மா மெழுகுவத்தி ஏற்றி மாதா சொரூபத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். மின்சாரம் இல்லை, வாரக்கணக்கில் வரவும் இல்லை. வெள்ளிக்கிழமை ஆகையால் செபமாலையில் இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் துயர மறையுண்மைகள். நாங்கள் பிள்ளைகள் உட்கார்ந்தோம். அப்பா வரவில்லை. திண்ணையிலேயே இருந்தார். “கடவுளிடம் பேச என்னிடம் வார்த்தை இல்லை” என்றார். எங்கள் ஊரில் இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பி வராமலே போனவர்கள் உண்டு.

அம்மா அவரிடம் கடவுளின் திட்டம் என்றெல்லாம் பேசவில்லை. “உங்கள் வார்த்தை இல்லாவிட்டால் போகட்டும். கோவில் கொடுத்த வார்த்தை இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று மங்கள வார்த்தை செபத்தைப் பழைய முறையில் தொடங்கிவிட்டார்.

அடுத்து வந்த மாலைகளில் ஒன்றில்தான் திண்ணையிலிருந்து அந்தச் செபத்தின், மற்றவர்கள் பதிலாகச் சொல்லும் பின்பாதி கேட்டது. பக்தியோடு சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். குரலில் கோபம்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு மணிக்கும் பதில் வந்தது. என் நிலையும் அதுதான். மனதுக்குள் ஒன்றுமே இல்லை. நாக்கு மட்டும் பழக்கத்தில் அசைந்துகொண்டிருந்தது. அந்த ஜனவரியிலும் கோணான்குப்பம் பெரியநாயகி அன்னை திருவிழா வந்தது. வீரமாமுனிவர் எழுப்பிய கோவில் அது. சேலை உடுத்திய தமிழ்ப் பெண்ணாக மாதாவை அங்கே வைத்து வணங்குகிறோம். விறகு வியாபாரிகள் கேட்ட விலைக்கு மரங்களைக் கொடுத்துவிட்டு, அந்தக் காசிலிருந்து எடுத்து மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு அப்பா எங்களோடு வந்தார். என் மனதில் உணர்வு திரும்ப அதற்குப் பிறகும் வெகு காலம் ஆயிற்று. இடையில் நாங்கள் செபத்தை நிறுத்தியிருந்தால், திரும்பி வருவதற்கு ஒரு பாதையே மிஞ்சியிருக்காது. ஆள் நடமாட்டம் நின்ற ஒற்றையடிப் பாதையைப் புல் மூடிவிடுகிறது அல்லவா, அப்படி ஆகியிருக்கும்.

செபித்தால் புயல் திசை மாறும், போன மரம் முளைக்கும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் மரங்கள் போனவை போனவைதான்.

இன்னொரு மறுப்பும் வரும் என்று தெரியும். என் மைத்துனர் பல ஆண்டுகளுக்கு முன் வேறு சபைக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மத்தேயு 6:7ஐ எடுத்துக் காட்டுவார்: வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது செபமாலை எதற்கு என்பார். அவர் நல்ல மனிதர், அவருடைய விசுவாசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே மத்தேயு நற்செய்தியின் 26ஆம் அதிகாரத்தையும் படிக்க வேண்டும். கெத்சமனியில் ஆண்டவர் மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று அங்கே எழுதியிருக்கிறது. திருப்பாடல் 136இல் 26 வசனங்கள். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘என்றும் உள்ளது அவரது பேரன்பு’ என்ற ஒரே வரி. திரும்பச் சொல்வது வீண் என்றால் அந்தத் திருப்பாடலையே எடுத்துவிட வேண்டியிருக்கும். எண்ணிக்கையைக் காட்டிக் கடவுளை மசிய வைக்கலாம் என்ற எண்ணத்தைத்தான் ஆண்டவர் கண்டித்தார். துக்கத்தில் ஒரே வாக்கியத்தைப் பற்றிக்கொண்டிருப்பவனை அல்ல.

மனம் அலைவதைப் பற்றியும் திருச்சபையின் பெரியவர்கள் நம்மைவிடக் கனிவாகவே பேசியிருக்கிறார்கள். செபிக்கும் நேரம் முழுவதும் கவனம் சிதறாமல் இருக்க வேண்டும் என்பதில்லை, தொடங்கும்போது இருந்த நோக்கத்தின் வலிமையே அந்தச் செபத்தைப் பயனுள்ளதாக்கும் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே விளக்கியிருக்கிறார். வேண்டுமென்றே மனதை அலைய விடுவதைத்தான் அவர் தவறு என்கிறார். குழந்தை இயேசுவின் புனித தெரசா தியான நேரத்தில் தூங்கிவிடுவார். பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியமானவர்கள்தானே என்று எழுதியவர் அவர். தனியாகச் செபமாலை சொல்வது தமக்கு மிகவும் கடினமாக இருக்கிறது என்றும் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். அந்தத் தெரசாவைத்தான் 1997இல் திருச்சபை மறைவல்லுநராக, அதாவது திருச்சபைக்கே ஆசிரியராக, அறிவித்தது. அப்படியிருக்க, அலுவலகம் முடித்து, சமைத்து, பாத்திரம் கழுவிவிட்டு உட்காரும் உங்களுக்குத் தூக்கம் வருவதில் என்ன குற்றம்?

நடைமுறைக்கு வருகிறேன். நேரத்தைத் தேடாதீர்கள், ஏற்கெனவே இருக்கும் கடிகார மணிகளோடு செபத்தைக் கட்டிவிடுங்கள். மூவேளை செபம் அதற்காகவே வந்தது: காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. எனக்குக் காலை ஷிப்ட் என்றால் ஆறு மணிக்கு வேலை தொடங்கும்போது ஒரு முறை, இரண்டாம் ஷிப்ட் என்றால் மாலை ஆறுக்கு ஒரு முறை. பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியாது; உதடு அசையும் அளவுதான். கம்பெனி பஸ்ஸில் செபமாலையின் ஒரு பத்து, விரல்களில் எண்ணி. செபமாலையை எடுத்தால் வியர்வையில் நனைகிறது, யாராவது ஏதாவது கேட்கவும் செய்கிறார்கள்; விரல் போதும். மீதிப் பத்துகள் வீட்டில். ஐம்பத்து மூன்று மணியையும் ஒரே மூச்சில் சொன்னால்தான் செபமாலை என்ற எண்ணமே பலரை நிறுத்திவிடுகிறது. நாளின் வெவ்வேறு நேரங்களில் பிரித்துச் சொல்லத் தடையே இல்லை. உங்கள் அலுவலகம் மிஷன் வீதிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள பேராலயமான சம்பா கோவிலைக் கடந்துதான் போவீர்கள். வண்டியை நிறுத்தி நற்கருணைப் பேழைக்கு முன்னால் ஒரு ‘பரலோகத்தில்’ சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் உண்டு, கறி இல்லை. மற்றதை எல்லாம் மறந்த வாரத்திலும் சந்தைக்குப் பையைத் தூக்கும்போது அந்த நாளின் நினைவு வந்துவிடுகிறது.

கோவில் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புதுச்சேரியில் என் தங்கை வீட்டுக்கு வரும் ஞாயிறுகளில் அங்குள்ள ஒரு பழைய கோவிலுக்குத்தான் போகிறேன். பூசையில் குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் நடந்துகொண்டிருக்கிறது, எல்லோரும் முழந்தாளில் இருக்கிறோம்; நடுப்பாதையில் திருமணத்துக்கு முந்தைய படப்பிடிப்புக்காக ஒரு ஜோடியும் இரண்டு கேமராக்காரர்களும் வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு ஏற்ற கோணம் தேடுகிறார்கள். சுற்றுலாவை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கும் ஊர் என்பது எனக்குத் தெரியும். எந்த மதத்தவரும் எங்கள் கோவிலுக்குள் வரலாம், வர வேண்டும் என்று நினைப்பவன் நான். வில்லியனூர் மாதாவிடம் வருகிறவர்களில் எத்தனை பேர் இந்துக்கள்! அவர்கள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பித்தான் உள்ளே வருகிறார்கள். பூசை நடக்கும் ஒரு மணி நேரம் மட்டும் கேமராவை வெளியே வையுங்கள் என்று ஒருவர் கதவருகே நின்று சொன்னால் போதும். அதைச் செய்யக்கூட ஆள் போடாதது எனக்கு ஆறவில்லை.

கடைசியாக, பிள்ளைகள். அவர்கள் உட்கார மறுக்கிறார்கள் என்று வருந்தியிருக்கிறீர்கள். அவர்களைப் பதில் சொல்ல மட்டும் வைக்காதீர்கள், ஆளுக்கு ஒரு பத்தைத் தொடங்கி நடத்தக் கொடுங்கள். என் மகள் வியாழக்கிழமைகளில் ஒளியின் மறையுண்மைகளைத்தான் சொல்வாள். மறைக்கல்வி வகுப்பில் படித்தது அது. இயேசுவின் பொதுவாழ்வைத் தியானிக்கும் அவை, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2002இல் சேர்த்தவை. அம்மா இன்றுவரை வியாழக்கிழமைக்கு மகிழ்ச்சி மறையுண்மைகளைத்தான் சொல்வார். இருவருக்கும் வாரந்தோறும் வாக்குவாதம். ஒளியில் வரும் கானாவூர் கல்யாணமா, மகிழ்ச்சியில் வரும் கபிரியேல் தூதரா என்று பேத்தியும் பாட்டியும் சண்டை போடும் வீட்டில் அந்த மறையுண்மைகள் பிள்ளைகளுக்கு மறக்காது. இன்று இரவே ஒரு பத்தோடு தொடங்குங்கள். நடுவில் தூங்கிவிட்டால் மறுநாள் விட்ட மணியிலிருந்து தொடருங்கள். புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை.