கேள்வி-பதில்: பழைய இழுப்பறை மேசைக்கு வண்ணம் பூசலாமா?

கேள்வி: தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் நான்கு இழுப்பறைகள் கொண்ட மர மேசை ஒன்று இருக்கிறது. மேற்பலகை முழுவதும் வெள்ளை வளையங்கள். பக்கங்களில் மெருகு உரிந்துவிட்டது. ஓர் இழுப்பறையின் முகப்பில் மட்டும் யாரோ எப்போதோ பச்சை வண்ணம் பூசியிருக்கிறார்கள். "தேய்க்க வேண்டாம், பிரைமர் (அடிப்பூச்சு) வேண்டாம்" என்று எழுதிய சாக் பெயின்ட் (பளபளப்பில்லாத வண்ணப்பூச்சு) டப்பாவைக் கடையில் பரிந்துரைக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: டப்பாவை வாங்குவதற்கு முன், ஓர் இழுப்பறையை முழுவதுமாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முகப்புப் பலகையும் பக்கப் பலகையும் புறாவால் போன்ற பற்களால் பிணைக்கப்பட்டிருந்து, அந்தப் பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே அளவு மாறியும், தச்சர் குறித்த கீறல் கோடு அருகிலேயே தெரிந்தும் இருந்தால், அது கையால் அறுத்துச் செய்யப்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்படிப்பட்ட சாமானில் பழைய மெருகுக்கே தனி மதிப்பு உண்டு என்பதாலும், மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கிய வண்ணத்தைப் பிறகு முழுமையாக எடுக்க முடியாது என்பதாலும், முதலில் அதன் விலைமதிப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. அந்த மதிப்பை, மேசையை உங்களிடமிருந்து வாங்க விரும்பும் வியாபாரியிடமே கேட்காதீர்கள்.

வெள்ளை வளையங்களைக் கண்டு மனம் தளர வேண்டாம். அவை பெரும்பாலும் மெருகுக்குள் சிக்கிய ஈரமே தவிர, மரத்தின் கறை அல்ல. கறுத்த கறைதான் மரத்துக்குள் இறங்கியது. காலின் உட்புறத்தில், கண்ணில் படாத ஓரிடத்தில், ஸ்பிரிட்டில் (ஆல்கஹாலில்) நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். மெருகு பிசுபிசுத்துப் பஞ்சில் ஒட்டினால் அது அரக்கு, அதாவது ஷெல்லாக். அப்படியானால் பழுப்படைந்த மெருகைச் சீராக்கி, மேலே மெல்லிய ஷெல்லாக் பூச்சு ஒன்று கொடுத்தாலே மேசை புதுப்பொலிவு பெறக்கூடும். வண்ணத்துக்கான செலவே தேவைப்படாது. இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்ணம் வாங்கப் போகிறவர்கள்தாம் அதிகம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

இனி அந்தப் பச்சை வண்ணம். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது மிகச் சாதாரணம். அமெரிக்காவில்கூட வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான். ஆகவே, அதன் வயது தெரியாதவரை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம், வெப்பக் காற்றுக் கருவியால் உரிக்கவும் வேண்டாம். தூசியும் புகையும் மூச்சில் கலக்கும். குழந்தைகளுக்கு அது பெருங்கேடு. ஈயம் கண்டறியும் சோதனைப் பொருள்கள் கடைகளில் கிடைக்கின்றன. ஐயம் தீராவிட்டால் ஒரு சிறு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

எல்லாம் பார்த்த பிறகும் வண்ணம்தான் என்று முடிவு செய்தால், டப்பாவின் வாசகத்துக்கு வருவோம். பிரிட்டனைச் சேர்ந்த ஆனி ஸ்லோன் 1990-இல் அறிமுகப்படுத்திய பூச்சின் பெயர்தான் சாக் பெயின்ட். இன்று அதைப் போன்றவற்றைப் பலரும் விற்கிறார்கள். இவ்வகைப் பூச்சு பெரும்பாலான பரப்புகளில் தேய்க்காமலே ஒட்டும் என்பது உண்மை. ஆனால் ஒட்டுவது வேறு, கறையை மறைப்பது வேறு. மஹோகனி போன்ற மரங்களின் சாயமும் பழைய சாயப் பாலிஷும் தண்ணீர் கலந்த பூச்சின் ஈரத்தில் கரைந்து மேலேறி, வெளிர்நிறப் பரப்பில் செம்பழுப்புத் திட்டுகளாகத் தெரியும். எத்தனை கோட் அடித்தாலும் திரும்பத் திரும்ப வரும். அதைத் தடுப்பது ஷெல்லாக் பிரைமர். எண்ணெயும் மெழுகும் படிந்த பரப்பில் எந்தப் பூச்சும் நிற்காது என்பதால், முதலில் டர்பென்டைனால் துடைத்து, பிறகு சோப்பு நீரால் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், விலையுயர்ந்த வண்ணத்தைவிட நல்ல பிரைமருக்கே என்பேன்.

விலையை ஒப்பிடும்போது, மேலே பூச வேண்டிய மெழுகு அல்லது தெளிந்த வார்னிஷின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெழுகு மென்மையானது, அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியது. சூடான கோப்பை வைக்கும் மேற்பலகைக்கு வார்னிஷே ஏற்றது. மெழுகு தடவிய பிறகு அதன்மேல் வார்னிஷ் ஒட்டாது என்பதால் இதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். அளவைப் பொறுத்தவரை, ஒரு மீட்டர் நீளமும் அரை மீட்டர் ஆழமும் 90 செ.மீ. உயரமும் உள்ள மேசையின் மேல், முன், இரு பக்கங்கள் சேர்ந்து 2.3 சதுர மீட்டர்தான். லிட்டருக்கு 10 சதுர மீட்டர் என்று டப்பாவில் போட்டிருந்தால், இரண்டு கோட்டுக்கு அரை லிட்டர் போதும். நிறம் கலந்து கொடுத்த வண்ணத்தைக் கடைகள் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. பெரிய டப்பா வேண்டாம்.

கேள்வி: ஒரு பணிமனையில் கொடுத்து அலமாரிக்கு வண்ணம் பூசினேன். இரண்டே வாரத்தில் விளிம்புகளில் உரிகிறது. "வண்ணம் இன்னும் இறுகவில்லை, பொறுங்கள்" என்கிறார்கள். உண்மையா?

பதில்: தொட்டால் காய்ந்திருப்பதும் உள்வரை இறுகுவதும் ஒன்றல்ல, பல பூச்சுகள் முழுமையாக இறுக 30 நாள் வரை ஆகலாம். ஆனால் இறுகாத வண்ணம் நகம் பட்டால் பள்ளமாகும், பாத்திரத்தின் அடி பதியும். உங்கள் அலமாரியில் உரிந்த ஒரு செதிலை எடுத்து, அது இருந்த இடத்தைப் பாருங்கள். அங்கே பழைய பாலிஷ் பளபளப்பு மாறாமல் தெரிந்தால், தேய்க்காமலும் சுத்தம் செய்யாமலும் பூசியிருக்கிறார்கள் என்றே பொருள். காத்திருப்பதால் அது சரியாகாது. தேதி தெரியும்படி படம் எடுத்து, செதிலையும் பத்திரப்படுத்தி, மறுவேலை செய்யும்படி எழுத்து மூலமாகக் கேளுங்கள். இனி எங்கே கொடுத்தாலும், பழைய பூச்சை எப்படி நீக்குவார்கள், எந்தப் பிரைமர், எத்தனை கோட் என்பவற்றை மதிப்பீட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பழைய பூச்சை நீக்கக் காஸ்டிக் சோடா போன்ற காரக் கரைசல் தொட்டியில் முக்கி எடுப்பதாகச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பழைய வச்சிரப் பசை (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பசை) இளகி மூட்டுகள் கழன்றுவிடும்.

கேள்வி: இழுப்பறையின் உட்புறத்துக்கும் பக்கங்களுக்கும் அதே வண்ணத்தைப் பூசலாமா?

பதில்: உட்புறத்துக்குப் பூசலாம், பழைய வாடை இருந்தால் முதலில் ஷெல்லாக் ஒரு கோட் கொடுங்கள். சறுக்கும் பக்கங்களில் மட்டும் வேண்டாம். பூச்சின் தடிமனால் இழுப்பறை இறுகிப்போகும். அங்கே மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்துவிட்டால் போதும்.