மஞ்சள் பூத்த மரத்தை ஏன் வெட்டுகிறார்கள்? காடும் மனசும்: வாசகர் கேள்விகள்

கே: சத்தியமங்கலம் காட்டுல மஞ்சமஞ்சேர்னு பூத்து நிக்கிற மரத்தையெல்லாம் வனத்துறை அழிக்குதுங்க. அதைப் பார்க்கத்தானுங்க நாங்க குடும்பத்தோட போறதே! (கோபியிலிருந்து)

ப: கண்ணுக்கு விருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் அது நம் சரக்கொன்றை அல்லங்க. மஞ்சக்கொன்னை என்று பேர் வைத்துக்கொண்டோமே தவிர, பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அழகுக்கும் நிழலுக்கும் கொண்டுவந்து நட்டது, காட்டுக்குள் புகுந்துவிட்டது. அது அடர்ந்த இடத்தில் புல் தலையெடுக்காது. புல் இல்லாவிட்டால் மானும் காட்டெருமையும் எதை மேயும்? யானை உங்கள் கரும்புக்காட்டுக்கு வராமல் என்ன செய்யும்?

வெட்டினால் கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதனால் கன்றுகளை வேரோடு பிடுங்குகிறார்கள், பெரிய மரங்களைப் பட்டை உரித்துக் காயவிடுவதும் உண்டு. மரம் புகளூர் காகித ஆலைக்குக் கூழாகப் போகிறது. கொஞ்ச காலம் அந்த இடம் மொட்டையடித்த மாதிரிதான் இருக்கும். வெட்டிப் போட்ட கிளையும் கழிவும் கிடந்தால் பார்ப்பவர் மனசு சுருங்குகிறது என்பது காட்டழகு பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. ஆகவே சாலையோரக் கழிவையாவது உடனே அகற்ற வேண்டும். கூடவே ‘இதனால்தான் வெட்டுகிறோம்’ என்று தமிழில் ஒரு பலகை. பாதிக் கோபம் அங்கேயே அடங்கிவிடும்.

கே: டாப்சிலிப் தேக்கு, மனுசன் நட்டதுதானே? அங்கே போனால் மனசு லேசாகுமா? (பொள்ளாச்சி)

ப: ஆகும். பருத்த மரம், நடுவே தூரம்வரை பார்வை போகிற இடைவெளி, இரண்டும் மனிதருக்குப் பிடிக்கும். நெருக்கமான மரங்களை இடையிடையே களைந்து வளர்த்த தேக்கங்காட்டில் இரண்டும் உண்டு. ஆனைமலையில் வெட்டித் தீர்த்த தேக்கை மறுபடி எழுப்பியவர்களில் முக்கியமானவர் வெள்ளைக்கார வன அதிகாரி ஹியூகோ வுட். 1933-இல் இறந்தார், கல்லறையும் அங்கேதான். கைத்தடியால் குழி குத்தி விதை போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றும் சொல்வார்கள். ஒன்று மட்டும்: கோடையில் போகாதீர்கள், இலையுதிர்த்து நிற்கும். பலவகை மரமும் பறவைச் சத்தமும் வேண்டுமென்றால் மலைமேல் என்றும் பசுமையாக நிற்கும் சோலைக்காடுதான், தேக்கு அதற்கு ஈடாகாது.

கே: மாசிப் பக்கம் வனத்துறையே காட்டோரம் தீ வைக்கிறதே? பார்க்கவே பதறுது. (தாளவாடி)

ப: தீத்தடுப்புக் கோடு. வெயில் முற்றுமுன் புல்லையும் சருகையும் பட்டையாக எரித்துவிட்டால், பின்னால் வரும் தீ அந்த இடத்தில் நின்றுவிடும். அந்தக் கருப்பு முதல் மழையோடு போய்விடும்.

கே: பனியன் கம்பெனி வேலை. தூக்கமில்லை, படபடப்பு. காட்டில் நடக்கச் சொல்கிறார்கள், நேரம் ஏதுங்க? (திருப்பூர்)

ப: இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கை வெளியில் இருந்தவர்கள் ‘நலமாக இருக்கிறோம்’ என்று கூடுதலாகச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்களே அதிகம் வெளியே போயிருக்கலாம், அதனால் இதை மருந்துச் சீட்டாக எடுக்காதீர்கள். ஒரே மூச்சில் 120 நிமிடம் வேண்டியதில்லை, பிரித்துக்கொள்ளலாம். உங்கள் ஊரிலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது, 2024-இல் ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. காலையில் போங்கள், செல்போன் பையிலேயே இருக்கட்டும். படபடப்பு வாரக்கணக்கில் நீண்டால் முதலில் மருத்துவரைப் பாருங்கள், குளம் அப்புறம்.

கே: பட்டுப்போன மரத்தையாவது வெட்டலாமே, அசிங்கமாக நிற்கிறது? (வால்பாறை)

ப: நடைபாதை மேல் விழும் மாதிரி இருந்தால் வெட்டட்டும். மற்றபடி விடுங்கள். மரங்கொத்திக்கு அதுதான் வீடு.