அட்டையைக் கழற்றிவிட்டுப் படியுங்கள்

கேள்வி: எனக்கு 43 வயது. இருபது வருடங்களாக இரவு படுக்கப்போகும் முன் ஒரு மணி நேரம் கதை படிப்பது பழக்கம். பெரும்பாலும் துப்பறியும் நாவல்கள், இடையிடையே காதல் கதைகள். சென்ற வருடம் ஒரு வாசகர் வட்டத்தில் சேர்ந்தேன். பிடித்த புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள், பேசினேன். மூத்த உறுப்பினர் ஒருவர், “இதெல்லாம் இலக்கியமே இல்லை அம்மா, படித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற சரக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் நாவல்களுக்குப் பழைய செய்தித்தாளில் அட்டை போட்டுப் படிக்கிறேன். அவர் சிபாரிசு செய்த 700 பக்க நாவலை வாங்கி நான்கு மாதமாகிறது. 63-ஆம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. என் ரசனை மட்டமானதா? நான் மாற வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். உங்கள் நாவல்களில் மொழி தட்டையாக இருக்கலாம். நாயகி பக்கத்துக்கு ஒரு தடவை திடுக்கிடலாம். மழை பெய்தாலே யாரோ சாகப்போகிறார்கள் என்று ஊகித்துவிடலாம். நானும் இந்தச் சரக்கை நிறையப் படித்தவன், எனக்குத் தெரியாததா? அவை உயர்ந்த இலக்கியம் என்று உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் நீங்கள் வாதாடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு புத்தகம் எப்படிப்பட்டது என்பது ஒரு கேள்வி. உங்கள் இரவின் அந்த ஒரு மணி நேரம் யாருடையது என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியில் அவர் தாராளமாகப் பேசட்டும். இரண்டாவதில் அவருக்கு என்ன வேலை?

வாதாடிப் பார்த்தவர்களின் கதையும் இருக்கிறது. எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க விமர்சகர் 1944-இல், மக்கள் ஏன்தான் துப்பறியும் கதை படிக்கிறார்களோ என்று சலித்துக்கொண்டு ‘நியூயார்க்கர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். வாசகர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நீங்கள் தவறான புத்தகத்தைப் படித்துவிட்டீர்கள், இதைப் படியுங்கள், அதைப் படியுங்கள் என்று கடிதங்கள் குவிந்தன. மனிதர் அவர்கள் சொன்ன புத்தகங்களில் சிலவற்றைப் படிக்கவும் செய்தார். படித்துவிட்டு 1945-இல் முன்னைவிடக் கடுமையாக இன்னொரு கட்டுரை எழுதினார். புகைபிடிப்பதற்கும் குறுக்கெழுத்துப் போட்டிக்கும் நடுவே வைக்கத்தக்க ஒரு கெட்ட பழக்கம் இது என்பது அவருடைய தீர்ப்பு. ரசிக்காதவரை ரசிக்கவைக்க வாதத்தால் முடிந்ததே இல்லை.

எனக்கு ஆடன் போனவழிதான் உகந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பெரிய ஆங்கிலக் கவிஞர்களில் ஒருவர். 1948-இல் துப்பறியும் கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எனக்கு இது புகையிலை, மது மாதிரி ஒரு போதை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். கையில் வேலை இருந்தால் இந்தக் கதைகளை எடுக்கவே பயப்படுவாராம். தொடங்கிவிட்டால் முடிக்காமல் வேலையும் ஓடாது, தூக்கமும் வராது. முடித்ததும் கதை மறந்துபோகும். இவை கலைப்படைப்புகளே அல்ல என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. பெரியவர் சொன்னதையேதான் அவரும் சொல்கிறார். ஆனால் வெட்கப்படாமல் சொல்கிறார்.

இன்னும் யார் யார் படித்தார்கள் என்று ஒரு பட்டியல் போடலாம். தலையைச் சுற்றவைக்கும் தத்துவம் எழுதிய விட்கென்ஸ்டைன், அமெரிக்க நண்பர் அனுப்பிவைக்கும் துப்பறியும் பத்திரிகைகளுக்காக ஆவலோடு காத்திருந்தவர். ஆனால் அந்தப் பட்டியலும் ஒருவகைச் செய்தித்தாள் அட்டைதான். பெரிய பெயர்களைச் சுற்றிக்கொண்டு படிப்பதில் என்ன பெருமை?

அதேபோல, இன்றைய குப்பை நாளைய காவியம் என்ற ஆறுதலையும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஒன்றிரண்டு அப்படி ஆகியிருக்கலாம். நீங்கள் படிக்கும் நாவல்களில் பெரும்பாலானவை இன்னும் முப்பது வருடத்தில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். போகட்டும். போன மாதம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்த நகைச்சுவைத் துணுக்கு இன்று நினைவில்லை, அதனால் அன்று சிரித்தது பொய்யாகிவிடுமா?

‘இலக்கியமே இல்லை’ என்று அவர் சொன்னதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தொல்காப்பியம் செய்யுளியலில் உரைநடையை நான்காக வகுக்கிறது. அதில் ஒன்று பொய்ம்மொழி, இன்னொன்று நகைமொழி. பொய்ம்மொழிக்கு விளக்கம் சொல்லவந்த பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியர் காட்டும் உதாரணம் என்ன தெரியுமா? ஒரு யானையும் குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய் இன்னின்னது செய்தன என்று சொல்லும் கதை! அவ்வளவு பெரிய இலக்கண நூலின் உரையில் யானைக்கும் குருவிக்கும் இடம் இருந்திருக்கிறது. உங்கள் இன்ஸ்பெக்டருக்கு ஒரு மூலை கிடைக்காமலா போகும்?

லேசான எழுத்து என்றால் லேசாக எழுதிவிடலாம் என்று நினைப்பவர்கள் ஒருநாள் உட்கார்ந்து எழுதிப் பார்க்கட்டும். ஓர் அறை. நாற்காலியில் ஒருவர் இறந்துகிடக்கிறார். ‘மேசையின் வலப்பக்கம் மூக்குக் கண்ணாடி, இடப்பக்கம் மூடி திறந்த பேனா, நடுவில் பாதி எழுதிய கடிதம்’ என்று ஆசிரியர் ஒரு வரி எழுதுகிறார். நீங்களும் நானும் நேராகக் கடிதத்துக்குப் பாய்வோம். அதில் என்ன எழுதியிருக்கிறது, யாருக்கு எழுதியது என்று பத்து அத்தியாயம் மண்டையை உடைத்துக்கொள்வோம். 150 பக்கம் தள்ளி, இறந்தவர் வலக்கைக்காரர் என்று போகிறபோக்கில் ஒரு வாக்கியம் வரும். அப்போதுதான் உறைக்கும், பேனா ஏன் இடப்பக்கம் இருந்தது? அந்தக் கடிதத்தை எழுதியது அவரே அல்ல! எதையும் மறைக்காமல் கண்ணெதிரே வைத்துவிட்டு, நம் பார்வையை மட்டும் வேறு பக்கம் திருப்பியிருக்கிறார். இதில் வேலைப்பாடு இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. உவமைகள் சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன்.

என் அனுபவம் ஒன்று. என் அம்மா மருத்துவமனையில் இருந்தபோது மூன்று இரவுகள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உலகமே கொண்டாடிய நாவல் ஒன்றைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். ஒரே பத்தியை ஏழெட்டு முறை படித்தும் ஒரு சொல் உள்ளே இறங்கவில்லை. அடுத்த பெஞ்சில் இருந்தவர் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, முதுகு பிய்ந்த துப்பறியும் நாவல் ஒன்றை நீட்டினார். விடியும்வரை அதுதான் துணை. யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்ற கணக்கில் மனம் மாட்டிக்கொண்டதால், கதவு திறக்கும் சத்தத்துக்கெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்வது கொஞ்சம் குறைந்தது. கடைசி பன்னிரண்டு பக்கம் அதில் இல்லை. கொலைகாரன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மைத்துனன் மேல்தான் சந்தேகம். கொண்டுபோன பெரிய நாவலை இரண்டு வருடம் கழித்து, அம்மா நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகு படித்தேன். அசந்துபோனேன். அந்த நாவல் தந்ததை எந்தத் துப்பறியும் கதையும் எனக்குத் தந்ததில்லை. ஆனால் அந்த மூன்று இரவுகளில் அதனால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதனால்தான் உங்கள் 63-ஆம் பக்கம் என்னை உறுத்துகிறது. அந்த 700 பக்கத்தை நீங்கள் படிக்கவில்லை, அபராதம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். செருகிவைத்திருக்கும் அடையாளத்தை உருவிவிட்டு, புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். தூக்கிப்போட வேண்டாம், நல்ல நாவலாகவே இருக்கக்கூடும். என்றாவது ஒருநாள் நீங்களாகவே எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். எடுக்கவே இல்லையென்றாலும் குடி முழுகிவிடாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உங்கள் துப்பறியும் நாவலே உங்களுக்குச் சலிக்கத் தொடங்கி, பழக்கத்துக்காகப் பக்கத்தைப் புரட்டுகிறீர்கள் என்றால், அன்றைக்கு வேறு ஏதாவது தேடுங்கள். இன்னொன்று, பொழுதுபோக்குக் கதைதானே என்று எல்லாவற்றையும் மன்னித்துவிடக் கூடாது. வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதை வேண்டும் என்று படித்துக்கொள்ளும் நாயகன் காதல் கதைகளில் அடிக்கடி வருகிறான். அவனை நான் தட்டையான மொழியைப் போலப் பொறுத்துக்கொள்வதில்லை.

அந்தப் பெரியவருக்கு வருவோம். ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டிஸ் 1605-இல் வெளியிட்ட ‘டான் குவிக்ஸாட்’ நாவலில் ஒரு காட்சி உண்டு. வீரசாகசக் கதைகளைப் படித்துப் படித்து நாயகனுக்குப் புத்தி பேதலித்துவிட, அந்தப் புத்தகங்களை எரித்துவிடுவது என்று பாதிரியாரும் நாவிதரும் அவர் நூலகத்துக்குள் நுழைகிறார்கள். நாவிதர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறார், பாதிரியார் தீர்ப்பு வழங்குகிறார். வேடிக்கை என்னவென்றால் பாதிரியாருக்கு ஏறக்குறைய எல்லாக் கதையும் அத்துப்படி! ஒரு புத்தகத்தைக் கண்டதும் பூரித்துப்போய், இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியும் என்று நாவிதரிடமே கொடுத்துவிடுகிறார். உங்கள் வட்டத்துப் பெரியவர் அந்தப் பாதிரியார் வகையா என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு அட்டையைக் கழற்றிய நாவலோடு போங்கள். இந்த எழுத்தாளரின் எத்தனை புத்தகங்கள் படித்திருக்கிறீர்கள் ஐயா என்று பணிவாகவே கேளுங்கள். ஒன்றுகூட இல்லை என்றால் நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. நிறையப் படித்திருந்தால் அவர் பக்கத்தில் உட்காருங்கள், பேச விஷயம் நிறைய இருக்கும்.

நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் நாவலின் பெயரைக் கடிதத்தில் குறிப்பிடவில்லையே? எனக்கு எழுதுங்கள். கொலைகாரன் யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.