பிஎஸ்4 டிஸ்க், கன்ட்ரோலர், ஸ்டியரிங் வீல் எல்லாம் பிஎஸ்5-ல் வேலை செய்யுமா? பழையதை விற்றுவிட்டே வாங்கலாமா?

இருபது, இருபத்தைந்து பிஎஸ்4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி) டிஸ்க், இரண்டு கன்ட்ரோலர், ஒரு ஸ்டியரிங் வீல், ஒரு வெளி ஹார்டு டிஸ்க் இருக்கிறது, எல்லாவற்றையும் மொத்தமாகத் தள்ளிவிட்டு பிஎஸ்5 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளாதீர்கள். நீங்கள் சொன்ன பட்டியலில் ஒன்றைக்கூட இப்போது விற்க வேண்டியதில்லை. ஆனால் எந்த மாடல் வாங்குகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். எங்கள் வீட்டிலேயே இதில் ஒரு அடி வாங்கியிருக்கிறோம்.

என் அக்கா மகன் திருமங்கலத்தில் இருக்கிறான். 2024-ல் அவன் பிஎஸ்5 வாங்கினான். டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல் 10,000 ரூபாய் குறைவு என்பதால் அதை எடுத்துவிட்டான். "பழைய கேம் எல்லாம் ஓடும் தம்பி" என்று கடையில் சொன்னார்களாம். அது பொய்யில்லை. பிஎஸ்4 ஆட்டங்கள் பிஎஸ்5-ல் ஓடத்தான் செய்யும். ஆனால் அவனிடம் இருந்தது பதினான்கு டிஸ்க். அதைச் செருக அந்தப் பெட்டியில் வழியே இல்லை. டிஸ்க்கில் கையில் இருக்கும் அதே ஆட்டத்தை மறுபடி காசு கொடுத்து டவுன்லோடு செய்ய வேண்டும். எனக்கு போன் போட்டு "மாமா, இதை எங்க மாமா போடுறது?" என்று அவன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. நல்லவேளையாக அது 2023 கடைசியில் வெளிவந்த ஒல்லி (ஸ்லிம்) மாடல். அதில் டிரைவைத் தனியாக வாங்கி மாட்டலாம், முதல் தடவை மாட்டும்போது மட்டும் இணைய இணைப்பு வேண்டும். தேடிப் பிடித்து வாங்கி மாட்டினோம். 2020-ல் முதலில் வந்த டிஜிட்டல் மாடலுக்கு அந்த வழியும் கிடையாது. பழைய சரக்கு, செகண்ட் ஹேண்ட் என்று யாராவது காட்டினால் இதை முதலில் பாருங்கள்.

மதுரையில் டிஸ்க்கின் மதிப்பு அதில் இருக்கும் ஆட்டத்தோடு முடிவதில்லை. நான் 2017-ல் பிஎஸ்4 வாங்கியபோது புது டிஸ்க் வாங்கியது நான்கோ ஐந்தோதான். மற்றதெல்லாம் நண்பர்களிடம் மாற்றிக்கொண்டது, இரண்டு கொடுத்து ஒன்று எடுத்தது, கல்யாணமாகி வெளியூர் போனவன் "நீயே வச்சுக்கோடா" என்று கொடுத்துவிட்டுப் போனது. டிரைவ் உள்ள பெட்டியாக இருந்தால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தொடரும். டிரைவுக்கான கூடுதல் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிஎஸ்4 ஆட்டம் ஓடுகிறது, பிஎஸ்3 டிஸ்க் ஏன் ஓடவில்லை என்று பலர் கேட்கிறார்கள். பிஎஸ்4-ம் பிஎஸ்5-ம் ஏஎம்டி நிறுவனம் செய்த ஒரே வம்சத்து சில்லுகளில் ஓடுபவை. பிஎஸ்3-ல் இருந்தது செல் என்ற முற்றிலும் வேறு வகைச் சில்லு, பிஎஸ்2-ல் இருந்தது எமோஷன் எஞ்சின். 2006-ல் வந்த முதல் பிஎஸ்3 மாடல்களில் பிஎஸ்2-வின் சில்லையே உள்ளே வைத்திருந்தார்கள், அதனால் பழைய டிஸ்க் ஓடியது. அப்புறம் எடுத்துவிட்டார்கள். எனவே பரணில் பிஎஸ்2 டிஸ்க் இருந்தால் பிஎஸ்5-க்காக இறக்காதீர்கள். பிஎஸ்4 ஆட்டங்கள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் 99 சதவீதத்துக்கு மேல் ஓடும் என்று சோனியே சொல்லியிருக்கிறது. என் டிஸ்க்குகளில் ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை. ஆட்டம் முழுவதும் உள்ளே ஏறிய பிறகும் விளையாடும்போது டிஸ்க் டிரைவுக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கன்ட்ரோலர் விஷயம்தான் குழப்பமானது. உங்கள் பிஎஸ்4 கன்ட்ரோலரான டூயல்ஷாக் 4 பிஎஸ்5-ல் இணையும், ஆனால் பிஎஸ்4 ஆட்டங்களுக்கு மட்டும். பிஎஸ்5 ஆட்டத்தைத் திறந்தால் ஏற்காது. பிஎஸ்5-உடன் வரும் புது கன்ட்ரோலரான டூயல்சென்ஸில் இருக்கும் அதிர்வையும், இறுகித் தளரும் ட்ரிக்கரையும் பிஎஸ்5 ஆட்டங்கள் பயன்படுத்த வேண்டும் என்பது சோனியின் முடிவு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டாவது டூயல்சென்ஸுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். நான்கு பேர் விளையாடும் வீட்டில் அது சின்னத் தொகையா?

நான் 2021-ல் பிஎஸ்5 வாங்கியபோது என்னிடம் ஃபிஃபா 21 கால்பந்து ஆட்டத்தின் பிஎஸ்4 டிஸ்க் இருந்தது. பிஎஸ்5 பதிப்பு இலவசமாகவே கிடைத்ததால் சந்தோஷமாக ஏற்றினேன். மறுநாள் விளாங்குடி வீட்டுக்கு அக்கா பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பழைய கன்ட்ரோலர் இரண்டும் வேலை செய்யவில்லை. பேட்டரி போய்விட்டது என்று நினைத்து அரை மணி நேரம் சார்ஜ் போட்டுப் பார்த்தோம். காரணம் புரிந்த பிறகு, ஆட்டத்தின் மேல் ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி பிஎஸ்4 பதிப்பைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கன்ட்ரோலருக்கும் உடனே உயிர் வந்தது. இன்னொன்றும் தெரிந்தது: ஃபிஃபா 21-ல் பிஎஸ்4-ல் ஆடிய கேரியர் மோடு (பல சீசன் தொடர்ந்து ஆடும் முறை) பிஎஸ்5 பதிப்புக்கு வராது. எங்கள் மூன்று சீசன் பிஎஸ்4 பதிப்பிலேயே பத்திரமாக இருந்தது. ஆக, கூட்டமாக விளையாடும் ஆட்டங்களுக்கு இலவச மேம்படுத்தல் என்று காட்டினாலும் பிஎஸ்4 பதிப்பை அழிக்காதீர்கள். கிரிக்கெட் 19 மாதிரி பிஎஸ்4-க்கு மட்டும் வந்த ஆட்டங்களில் இந்தப் பிரச்சினையே இல்லை. அப்புறம், பழைய கன்ட்ரோலருக்கு மைக்ரோ யூஎஸ்பி வயர் வேண்டும். பிஎஸ்5-உடன் வருவது டைப்-சி, அது சேராது. பழைய வயரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஸ்டியரிங் வீலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சோனியின் அதிகாரப்பூர்வ உரிமம் பெற்ற வீல், ஆர்கேட் ஸ்டிக் (சண்டை ஆட்டங்களுக்கான பெரிய ஜாய்ஸ்டிக்) எல்லாம் பிஎஸ்5 ஆட்டங்களிலும் வேலை செய்யும். லாஜிடெக் ஜி29 வீலை வைத்து கிரான் டூரிஸ்மோ 7 என்ற கார் பந்தய ஆட்டத்தை என் நண்பன் தினமும் ஓட்டுகிறான்.

வெளி ஹார்டு டிஸ்க்கை பிஎஸ்4-லிருந்து கழற்றி அப்படியே பிஎஸ்5-ல் செருகலாம், உள்ளே இருக்கும் பிஎஸ்4 ஆட்டங்கள் அங்கிருந்தே ஓடும். ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பலவாக்கும் பெட்டி) வழியாகச் செருகாமல் நேரடியாகச் செருகுங்கள். பிஎஸ்5 ஆட்டத்தை அதில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதிலிருந்து ஓட்ட முடியாது. எனவே பிஎஸ்4 ஆட்டங்களை வெளியே விட்டுவிட்டு உள்ளிடத்தைப் புது ஆட்டங்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது. வயர் ஹெட்செட் கன்ட்ரோலரின் 3.5 மி.மீ. துளையில் செருகினால் போதும். ஹோம் தியேட்டரை ஆப்டிகல் வயரில் இணைத்திருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். பிஎஸ்5-ல் ஆப்டிகல் துளை இல்லை. டிவியின் ஆப்டிகல் வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பிஎஸ்4 பெட்டியை விற்பதாக இருந்தாலும் சேமிப்புகளை (ஆட்டத்தில் எதுவரை வந்தீர்கள் என்ற பதிவுகளை) மாற்றிய பிறகு கொடுங்கள். கே.கே. நகரில் ஒரு நண்பர் அவசரத்தில் முதலில் பெட்டியை மீனாட்சி பஜார் பக்கம் கொடுத்துவிட்டார், சேமிப்புகளை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் இல்லை. மூன்று வருட ஆட்டம் போய்விட்டது. இரண்டு பெட்டியையும் ஒரே வைஃபையில் இணைத்து, பிஎஸ்5 செட்டிங்ஸில் டேட்டா டிரான்ஸ்ஃபர் கொடுத்தால் தானாக வந்துவிடும். சந்தா இல்லாதவர்கள் பிஎஸ்4 சேமிப்பை பென் டிரைவிலும் எடுக்கலாம். மாதாந்திர மின்தடை அன்றைக்கு மட்டும் ஆரம்பிக்காதீர்கள். என் டிஸ்க் எல்லாம் ஏறி முடிய ஒரு சனிக்கிழமை முழுக்க ஆனது. அதற்கப்புறம் பிஎஸ்4-ஐ நான் விற்கவில்லை, தம்பி வீட்டில் இருக்கிறது. டிஸ்க்குகள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வருகின்றன.