போலந்து வீடுகளில் ஊறும் நலெவ்காவும் கடை லிக்யூரும் ஒன்றா?

போலந்தில் வீட்டில் செய்யும் பழமதுவும் கடையில் விற்கும் இனிப்பு மதுவான லிக்யூரும் ஒன்றுதானே, ஊருக்கு ஊர் பெயர் மட்டும்தானே வேறு என்று கேட்டிருக்கிறீர்கள். கிராக்குவில் ஏதோ ஓர் உணவகத்தில் தித்திக்கும் சிவப்பு மதுவைச் சுவைத்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போலந்துக் குடும்பத்தின் மருமகளாக, ஒன்றல்ல என்பதே என் பதில்.

நலெவ்கா என்பது பழத்தையோ காயையோ ஸ்பிரிட்டில், அதாவது செறிந்த மதுசாரத்தில், ஊறவைத்துச் செய்யும் மதுவின் பொதுப்பெயர். புளிப்புச் செர்ரியில் செய்தால் விஷ்னியுவ்கா, பச்சை அக்ரூட் (வால்நட்) காயில் செய்தால் ஒஜெஹுவ்கா, கோடை முழுவதும் பழுக்கும் பழங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் ரதாஃபியா. பழைய கிழக்கெல்லைக் குடும்பங்களில் காட்டு ரோஜாக் கனியும் தேனும் சேர்த்துச் செய்வது ஷெனிஹா. பிளம் பழத்தை ஊறவைத்தால் அது ஷ்லிவுவ்கா. வொன்த்ஸ்கோ ஊரின் புகழ்பெற்ற ஷ்லிவொவித்சாவோ புளித்த பிளம்மைக் காய்ச்சி வடித்தது, நலெவ்காவே அல்ல.

என் மாமியாரின் வீடு ப்ஷெமிஷ்ல் நகருக்கு அருகில், சான் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே பெருமை தெரெனுவ்காவுக்குத்தான். தெரென் என்பது சிறுவிரல் நுனியளவே உள்ள, துவர்ப்பும் புளிப்புமான சிவப்புக் கனி. கறுஞ்சிவப்பாகிக் கையில் குழையும் கனியை மட்டும்தான் அத்தை ஜாடியில் போடுவார். கெட்டியாக இருப்பவை சன்னலோரத் தட்டுக்குத் திரும்பிவிடும். கடையில் வாங்கிய 96 சதவீத ஸ்பிரிட்டை அப்படியே ஊற்றினால் கனி விறைத்துச் சாறு விடாது என்பதால், நீர் கலந்து 70 சதவீதத்துக்குக் குறைத்தே ஊற்றுவார். ஆறு வாரம் கழித்து அதை வடித்துவிட்டு, எஞ்சிய கனிகளின்மேல் சர்க்கரையைக் கொட்டினால், கனிக்குள் தங்கியிருந்த சாறும் பாகாக இறங்கிவிடும். இரண்டையும் கலந்து, பஞ்சு வைத்துச் சொட்டுச் சொட்டாக வடிகட்டி, புட்டியில் ஆண்டை எழுதி நிலவறையில் வைத்தால், அடுத்த இலையுதிர்காலம் வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

மதுவைப் புகழ்கிறேன் என்று சிலர் எழுதக்கூடும். சாப்பாட்டுக்குப் பிறகு சின்னஞ்சிறு கிண்ணத்தில் ஒருமுறை தருவதோடு சரி; வீட்டில் காய்ச்சி வடிப்பது அங்கேயும் சட்டப்படி குற்றம், எங்கள் வீட்டில் நடப்பது ஊறவைப்பது மட்டுமே.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. ஓர் உணவகத்தில் 'வீட்டுத் தெரெனுவ்கா' என்று எழுதி, எசன்சும் நிறமும் கலந்த பாகை ஊற்றித் தந்தார்கள். கனியின் துவர்ப்பு நாக்கில் துளியும் இல்லை. வெறும் பெயர்தான் என்று உங்களைப் போன்றவர்கள் நினைப்பதற்கு இத்தகைய கடைகளே காரணம். பெயர் அவ்வளவு மலிவானதாக இருந்தால், குறைந்தது 25 ஆண்டு மரபைச் சான்றுகளுடன் காட்டினால்தான் இடம் கிடைக்கும் போலந்து வேளாண் அமைச்சகத்தின் மரபுப் பொருள் பட்டியலில், மாகாணவாரியாக இத்தனை நலெவ்காக்கள் இடம்பெற்றிருக்குமா?

அடுத்த முறை புட்டி வாங்கும்போது, லேபிளில் 'அரோமத்' என்ற சொல் இருந்தால் அதை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். அது செயற்கையாகவோ தனியாகவோ சேர்த்த மணம்.